மினிட்ஸ் எழுதியவர் சொன்னது

நாள் 201 — 07:10

இடம்: இடைத்தங்கல் நிலையம் 2, ஃபோபோஸ். செவ்வாயைச் சுற்றும் இரண்டு குட்டி நிலாக்களில் பெரியது.
ஆள்: ஒருவர். செண்பகவல்லி, பொறியாளர், வயது 52.
காற்றழுத்தம்: 101 (பூமியில் உள்ள அளவு). கரியமில வாயு: வரம்புக்குள்.
வால்வுச் சுழற்சி: 4,020.
குறிப்பு:

இந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று போட்டுவிட்டு நகர்வதுதான் இங்கே வழக்கம். எனக்கு முன்னால் இந்த நிலையத்தைப் பார்த்துக்கொண்ட இரண்டு ஆண்களும் நாள் தவறாமல் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். மனுஷன் ஒரு வருஷம் தனியாக உட்கார்ந்திருக்கிறார், ஜன்னல் பூராவும் செவ்வாய் நிற்கிறது, குறிப்பு இல்லையாம்.

என்னால் முடியாது. நான் கோவில்பட்டிக்காரி. ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிஷம் நின்றாலும் முன்னால் நிற்பவரின் மருமகள் எந்த ஊர், ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்பது வரை தெரிந்துகொண்டுதான் சீனியோடு திரும்புவேன். இங்கே வரிசையும் இல்லை, மருமகளும் இல்லை. அதனால் இதைக் கண்டெடுத்துப் படிக்கிற புண்ணியவான் யாரோ, அவரிடம் பேசுகிறேன். வணக்கம். உட்காருங்கள். நாற்காலி ஒன்றுதான், அதில் நான் இருக்கிறேன்.

பேர்தான் நிலையம். உண்மையில் இது பஸ் ஸ்டாப். செவ்வாய்க்குப் போகிற கப்பல் இங்கே நின்று எரிபொருள் ஏற்றிக்கொள்ளும். டவுன் பஸ் அளவுக்கு ஒரே அறை. அடுத்த கப்பலின் பெயர் வலசை. நாலு பேர். இப்போது பூமியைச் சுற்றிக்கொண்டு காத்திருக்கிறார்கள். என் கணக்கில் நாள் 217, காலை 11 மணிக்குப் புறப்பாடு. எட்டு மாதத்தில் இங்கே வந்து என்னை மாற்றிவிடுவார்கள்.

அந்த நாலில் ஒருத்தி ஜெபக்கனி. தூத்துக்குடிப் பெண், இருபத்தொன்பது வயது, பூமியில் எங்கள் விண்வெளி மையத்தில் எனக்கு அடுத்த மேஜை. என் கணக்கில் தப்பு கண்டுபிடித்தால் அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்கவே நான் சில சமயம் தப்பாகப் போட்டதுண்டு. பெரும்பாலும் தானாகவே தப்பு வந்துவிடும், அது வேறு விஷயம்.

நாள் 203 — 09:25

காற்றழுத்தம்: 100.6. வால்வுச் சுழற்சி: 4,060.
குறிப்பு:

கொஞ்சம் கவனிக்க வேண்டிய சமாச்சாரம். புள்ளி நாலு குறைந்திருக்கிறது.

நான் விடுகிற மூச்சைச் சுத்தம் செய்ய இங்கே ஒரு பெட்டி இருக்கிறது. என்னோடு வந்த புது மாதிரி. உள்ளே இரண்டு அறை. ஒன்று கரியமில வாயுவை உறிஞ்சும்போது மற்றது உறிஞ்சியதை வெளியே, வெட்டவெளியில், கொட்டும். எழுபது சொச்சம் நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டும் முறை மாறும். மாற்றிவிடுவது ஒரு வால்வு. ஒவ்வொரு தடவையும் 'டொக்' என்று சத்தம் வரும். ஆறு மாதத்தில் எனக்கு அது சுவர்க்கடிகாரம் மாதிரி ஆகிவிட்டது.

இன்று காலை 'டொக்' வரவில்லை. 'டொ... க்.'

வால்வுக்குப் பின்னால் கையால் திருகி மூடும் சக்கரம் ஒன்று உண்டு. கைத்திருகி என்போம். அதை ஒரு மணி நேரம் மூடிப் பார்த்தேன். அழுத்தம் குறைவது நின்றது. திறந்தேன். மறுபடி குறைந்தது. ஆகவே வால்வுதான்.

இந்தக் கசிவை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், ஆறு வருஷத்துக்கு முன்னால், காகிதத்தில்.

நாள் 204 — 11:40

மையத்துக்குச் செய்தி அனுப்பினேன். போக பதினான்கு நிமிஷம், வர பதினான்கு நிமிஷம். எதிர்முனையில் திலகராஜ். நல்ல பையன்; பையன் என்ன, நாற்பத்தொன்று ஆகிறது. ஐந்து வருஷமாகப் பெண் பார்க்கிறார்கள். ஜாதகத்தில் ஏதோ ஒரு கிரகம் இடிக்கிறதாம். கிரகங்களோடு பேசுவதையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு இந்த நிலைமை.

நான் அனுப்பியது: "திலகு, காற்றுப் பெட்டி வால்வு இழுத்துக்கிட்டு இருக்கு. இது இங்க மட்டும் நடக்கற விஷயம் இல்ல. உறிஞ்சற குருணை பொடியாகி வால்வோட அடைப்பு வளையத்துல உக்காருது. இப்ப லேசாத்தான் கசியும். 4,300 சுழற்சி வாக்குல வால்வு தெறந்த வாக்குல மாட்டிக்கும். மொத்தக் காத்தும் வெளிய போயிரும். வலசையில இருக்கறதும் இதே மாதிரிப் பெட்டி. அவங்க வழியில இருக்கும்போது, இங்க வந்து சேர ஒரு மாசம் இருக்கையில, அந்த எண்ணிக்கை வரும். புறப்பாட்டை நிறுத்தச் சொல்லு."

வந்தது: "மேடம், வணக்கம். என்ன மேடம், வலசை கெளம்பற நேரம் பாத்து வயித்துல புளியக் கரைக்கறீங்க? இது நெஜம்மா, இல்ல போன தடவ 'ஜன்னல்ல யாரோ கோலம் போட்டிருக்காங்க'ன்னு சொன்னீங்களே, அந்த மாதிரியா? பரஞ்சோதி சார்கிட்ட சொல்றேன். சார் சிரிப்பாரு."

கோலம் பற்றிச் சொன்னது நான்தான். ஜன்னலில் பனி படர்ந்திருந்தது. அன்று எனக்குப் பேச யாரும் இல்லை.

நாள் 205 — 10:15

காற்றழுத்தம்: 99.9. சுழற்சி: 4,100.

மையத்திலிருந்து உத்தரவு, டாக்டர் பரஞ்சோதி கையொப்பத்துடன். அவர்தான் பாதுகாப்புக் குழுத் தலைவர். ஆய்வுக் கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் தவறாமல் தலைக்கு மை போடுவார். கூட்டம் எவ்வளவு பெரியது என்பதை அவர் காதோரம் பார்த்தே சொல்லிவிடலாம்.

"உங்கள் பெட்டி தரையிறங்கும்போது அதிர்ச்சியில் சேதமடைந்திருக்க வேண்டும். அது ஒன்றுக்கு மட்டுமான கோளாறு. கைத்திருகியை மூடிவிட்டு, மாற்று டப்பாக்களுக்கு மாறவும். வலசையின் பெட்டி 2,000 சுழற்சி சோதனையில் தேறியது. புறப்பாட்டில் மாற்றமில்லை."

மாற்று டப்பா என்பது ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் உறிஞ்சி. என்னிடம் நாற்பத்தைந்து நாளுக்கு இருக்கிறது. ஆளில்லாச் சரக்குக் கலம் நாள் 250 அன்று புது டப்பாக்களோடு வருகிறது. இன்றைக்கு மூடினால் இருநூற்று ஐம்பது வரை தாக்குப்பிடிக்கும். ஆக நான் பிழைத்துக்கொள்வேன். உத்தரவில் எனக்கொன்றும் கெடுதல் இல்லை.

அந்தச் சோதனை சுத்தமான காற்றில், பொடியே இல்லாமல், தரையில் நடந்தது. இதையும் நான் அப்போதே சொன்னேன்.

எப்போது, எங்கே என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன், மையத்தின் மூன்றாம் மாடி. மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர், அதில் பெண் நான் ஒருத்தி. அந்தக் குழுவில் சேர்ந்த முதல் நாளே பரஞ்சோதி சார், "மேடம் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், மினிட்ஸ் அவங்களே எழுதட்டும்" என்றார். அங்கே பேனாவையே யாரும் பார்த்ததில்லை, எல்லாம் தட்டச்சுதான். இருந்தும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு சரி என்றேன். பதினெட்டு வருஷம் எழுதினேன்.

எழுதுகிறவர் தான் பேசியதை எழுதக்கூடாது என்று விதி கிடையாது. முதல் கூட்டத்தின் குறிப்பில் 'செண்பகவல்லி கேட்டார்' என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். அடுத்த கூட்டத்தில் ஒருவர், "என்ன மேடம், கல்யாணப் பத்திரிகையில பொண்ணே தன் பேரைப் பெருசாப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான். அன்றிலிருந்து என் பெயர் ஒரே இடத்தில்தான் வரும்: கடைசி வரியில், 'குறிப்பு எழுதியவர்.'

வால்வைப் பற்றிச் சொன்ன அன்றைக்கும் அப்படித்தான். வரைபடம், கணக்கு, 4,300 என்ற எண், எல்லாம் கொண்டு போயிருந்தேன். பேச ஆரம்பித்ததும் யாரோ கைபேசியைப் பார்க்க, எனக்குப் பதற்றம். பதற்றம் வந்தால் எனக்கு நகைச்சுவை வரும். "காபி ஃபில்டர்ல தூள் அடைச்சுக்குமே சார், தட்டினாலும் எறங்காது, அந்த மாதிரி" என்றேன். பரஞ்சோதி சார் கடிகாரத்தைப் பார்த்து, "மேடத்துக்குக் காபி ஞாபகம் வந்துடுச்சு, பிரேக் விடுவோம்" என்றார். ஒரே சிரிப்பு. எழுந்து போனார்கள். காபி நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்ததும் அடுத்த பொருளை எடுத்துக்கொண்டார்கள்.

மாலையில் நான் எழுதியது ஒரு வரி. "வால்வு குறித்து விவாதிக்கப்பட்டது."

கீழே வழக்கமான வாசகம்: 72 மணி நேரத்துக்குள் மறுப்பு வராவிட்டால் இக்குறிப்பு ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கொள்ளப்படும். எனக்கும் ஒரு பிரதி வந்தது. நானும் மறுக்கவில்லை.

நாள் 206 — 13:05

வலசையிலிருந்து ஜெபக்கனியின் செய்தி. மையத்தைத் தாண்டி நேராக எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

"மேடம், கனி பேசறேன். திலகு அண்ணன் எல்லாத்தையும் சொன்னாரு. நான் பழைய மினிட்ஸ் முழுக்கத் தேடிட்டேன். மூணாவது பாயின்ட், 'வால்வு குறித்து விவாதிக்கப்பட்டது'. அவ்வளவுதான் கெடக்கு. யாரு சொன்னா, என்ன சொன்னா, ஒண்ணும் இல்ல. ஒலிப்பதிவ ஒரு வருஷத்துல அழிச்சிருவாங்களாம். சார்கிட்ட கேட்டேன். 'அவங்க சொல்லியிருந்தா மினிட்ஸ்ல இருக்குமேம்மா, எழுதினதே அவங்கதானே'ங்கறாரு. ஏன் மேடம் எழுதல? மத்தவங்க எழுதாம விட்டா சண்ட போடலாம். நீங்களே எழுதாம விட்டா நான் யார்கிட்ட சண்ட போட? என்கூட வர்ற மூணு பேரும் உங்க 4,300 கணக்க நம்பறாங்க. ஆனா நாங்களா எறங்கிட்டா பயந்து எறங்கினதா ஆகும், வேற நாலு பேர ஏத்தி அனுப்பிருவாங்க. எங்களுக்குக் கையில காகிதம் வேணும் மேடம்."

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். பதிலாக அனுப்ப ஒரு ஜோக் தயாராக நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிவிட்டேன்.

"தப்பு என்னோடது கனி. காகிதம் அனுப்பறேன்" என்று மட்டும் அனுப்பினேன்.

நாள் 207 — 08:30

காற்றழுத்தம்: 99.2. சுழற்சி: 4,139. வால்வைத் திருப்பும் மோட்டாரின் பளு: வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு.

முடிவு எடுத்துவிட்டேன். நான் ராத்திரியெல்லாம் தூங்காமல் யோசித்ததாக நினைக்க வேண்டாம். நன்றாகத் தூங்கினேன், குறட்டைகூட விட்டிருப்பேன். கேட்க ஆள் இல்லாததால் மறுக்கவும் ஆள் இல்லை.

கைத்திருகியை மூட மாட்டேன். பெட்டியை ஓடவிடுவேன். 4,300 பக்கம் அது மாட்டிக்கொள்ளட்டும். ஒவ்வொரு சுழற்சியின் அளவும் மையத்துக்குத் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். நான் முன்கூட்டிச் சொன்ன எண்ணில் அது உடைந்தால், அதற்கப்புறம் யாரும் அதை ஒரு பெட்டியின் கோளாறு என்று சொல்ல முடியாது.

வேகமாகச் சுழற்றி முன்னாலேயே உடைக்கலாம். "மேடம் முறுக்கி உடைச்சுட்டாங்க" என்பார்கள். கைத்திருகியைப் பாதி மூடி வைத்துக்கொள்ளலாம். "அதனாலதான் மாட்டிச்சு" என்பார்கள். திறந்து உள்ளே பார்க்கலாம். "திறந்ததால கெட்டுது." இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒன்று மட்டும் நன்றாகப் படித்திருக்கிறேன்: அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை.

எனக்குச் சாக ஆசை இல்லை. உடையும் நேரத்தில் விண்வெளி உடுப்புக்குள் இருப்பேன். அதில் ஏழு மணி நேரக் காற்று. உடைந்ததும் கைத்திருகியை மூடுவேன். பதினான்கு சுற்று. பிறகு சேமிப்புத் தொட்டியைத் திறந்து அறையை மறுபடி நிரப்புவேன். ஒரு தடவைக்குப் போதும். பிறகு டப்பா, பிறகு சரக்குக் கலம், பிறகு வலசை. கதை சுபம்.

ஒரே ஒரு இடிப்பு. கையுறை.

நாள் 208 — 15:20

ஒத்திகை பார்த்தேன்.

உடுப்பு இங்கே ஒன்றுதான், ஒரே அளவு. அட்டையில் 'பொது' என்று போட்டிருக்கிறது. ஐந்தே முக்கால் அடி உயரத்துக்கு மேல் இருந்தால் நீங்கள் பொது. நான் ஐந்து அடி, காலை நீட்டிப் படுத்தால் அரை அங்குலம் கூடும். உடுப்புக்குள் நான் உரலில் போட்ட உலக்கை மாதிரி ஆடுகிறேன். கையுறை விரல்கள் என் விரலைத் தாண்டி அரை அங்குலம் சும்மா நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சும்மா நீளம்தான் முதலில் சக்கரத்தில் படுகிறது; படுகிறதே தவிரப் பிடிக்கவில்லை.

வெறுங்கையில் பதினான்கு சுற்று: இரண்டு நிமிஷம். கையுறையோடு: ஒன்பது நிமிஷம். அதுவும் அறையில் காற்று இருக்கும்போது. காற்று போனபின் கையுறை உப்பி விறைத்துக்கொள்ளும். அப்போது எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. சக்கரம் சுவர்க்குழிக்குள் இருப்பதால் திருகுசாவி நுழையாது. பெல்ட்டைச் சுற்றி இழுக்கலாம் என்று ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன்.

சின்ன அளவு உடுப்பு முதலில் பட்டியலில் இருந்தது. எடையைக் குறைக்க நீக்கினார்கள். "சின்னது எத்தனை பேருக்கு வேணும்?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்காக ராக்கெட்டை நிறுத்தணுமா சார், நான் சட்டையை மடிச்சு விட்டுக்கறேன்" என்றேன். பெரிய சிரிப்பு.

"சிறிய அளவு தேவைப்படவில்லை என முடிவு செய்யப்பட்டது." அதை எழுதியதும் இதே முத்து முத்தான கையெழுத்துதான்.

நாள் 212 — 10:50

காற்றழுத்தம்: 96.1. சுழற்சி: 4,240. மோட்டார் பளு: இரண்டேகால் மடங்கு.

பரஞ்சோதி சார் தானே லைனில் வந்து பேசினார். குரலில் மை வாடை அடித்தது. பெரிய கூட்டம் ஏதோ இருந்திருக்கிறது.

"செண்பகவல்லி, இருபத்தாறு வருஷமா உங்களைத் தெரியும். நீங்க இருந்தா கூட்டமே கலகலன்னு இருக்கும். இப்ப ஏன் இந்தப் பிடிவாதம்? உத்தரவை மீறறது உங்க சர்வீஸுக்கு நல்லதில்ல. அந்தக் கூட்டத்துல நீங்க ஏதோ காபியைப் பத்திச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. வால்வைப் பத்தி சத்தியமா ஞாபகம் இல்லம்மா. மூடிட்டு டப்பாவுக்கு மாறுங்க. உங்க உயிர் முக்கியம்."

பாருங்கள், அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அழவைத்தது. இங்கே கண்ணீர் கீழே இறங்காது, ஃபோபோஸுக்கு இழுக்கத் தெம்பில்லை. கண்ணிலேயே குளம் கட்டி நிற்கும். துடைத்தால்தான் போகும். துடைத்தேன்.

பதில்: "சார், என் உயிர் முக்கியம்னு நீங்க சொன்னதை ஒருத்தர் எழுதி வெச்சுக்கிட்டா நல்லா இருக்கும்."

நாள் 215 — 12:00

காற்றழுத்தம்: 93.8. சுழற்சி: 4,300.

எண் வந்தது. நான் உடுப்பு மாட்டி, சக்கரத்துக்கு எதிரே, கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

டொ... க்.

மூடிக்கொண்டது.

4,301. மூடிக்கொண்டது. 4,302.

நாள் 216 — 16:45

சுழற்சி: 4,325. இன்னும் ஓடுகிறது.

திலகராஜ்: "மேடம், இங்க எல்லாரும் 4,300 தாண்டிடுச்சுன்னு பேசிக்கறாங்க. நான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மூடிருங்க மேடம். தோத்தா என்ன? நீங்க வந்து இங்க உக்காந்து எங்க எல்லாரையும் வாரினா போதும்."

கனி: "மேடம், நாளைக்குப் பதினோரு மணி. நாங்க நாலு பேரும் தயாராயாச்சு. நீங்க மூடுங்க. எங்க பெட்டி ஒருவேள நல்லா இருக்கும்."

வாழ்நாளில் என் கையால் தொட்டதெல்லாம் நாலு நாள் முன்னாலேயே கெட்டுப்போகும். மிக்ஸி, செருப்பு, கல்யாணப் பேச்சு. இந்த ஒரு வால்வுதான் உழைத்துக் காட்டுகிறது.

மோட்டார் பளு மூன்று மடங்கு. அது பொய் சொல்லாது. ஒரு நாளுக்கு இருபது சுழற்சி. நாளை பதினோரு மணிக்குள் இன்னும் பதினைந்து. இதற்குள் உடையாவிட்டால் நான் பிழைப்பேன், அவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

நான் செய்வது பிரார்த்தனை என்று சொன்னால், எதற்காக என்று கேட்காதீர்கள்.

நாள் 217 — 07:52

உடுப்புக்குள்ளிருந்து வாய்மொழியாக. எந்திரம் எழுதிக்கொள்கிறது.

4,338. 'டொ' மட்டும் வந்தது. 'க்' வரவில்லை.

திறந்தபடி மாட்டிவிட்டது. காற்று போகிறது. காகிதம் ஒன்று பறந்து போய்க் குழாய் வாயில் ஒட்டிக்கொண்டது. அழுத்தம் 60. 41. எல்லா அளவும் போய்க்கொண்டிருக்கிறது. கனி, காகிதம் அனுப்பிவிட்டேன்.

திருகப் போகிறேன்.

நாள் 217 — 08:20

அழுத்தம் 0. கையுறை உப்பிவிட்டது. பூரி மாதிரி. மடங்கவே மாட்டேனென்கிறது. விரல் நுனி காலியாக நிற்கிறது.

சுற்று: ஒன்று.

நாள் 217 — 08:31

திலகராஜ்: "மேடம்! வந்துடுச்சு! 4,338! சார் எழுந்து நின்னுட்டாரு. வலசை நிறுத்தியாச்சு. புறப்பாடு ரத்து. கேக்குதா? ரத்து! மேடம், திருகி எத்தனை சுத்து ஆச்சு? சீக்கிரம் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

ரத்து. அப்பாடா.

சுற்று: ஒன்றரை. அவனிடம் ஐந்து என்று சொன்னேன். பாவம், வேலை செய்யட்டும்.

நாள் 217 — 10:40

பெல்ட் வேலை செய்கிறது. சுற்று: ஏழு.

தோள் செத்துவிட்டது. உடுப்புக்குள் நான் ஒரு பக்கம் இழுத்தால் கை மறுபக்கம் நழுவுகிறது. மடித்து விட்டுக்கொள்கிறேன் என்றேனே சார், மடித்துப் பார்த்தேன். மடியாது.

நாள் 217 — 12:55

பெல்ட் அறுந்துவிட்டது. சுற்று: பத்து.

கனி: "அக்கா, நான் கனி. எறங்கிட்டோம். நாலு பேரும் பூமியில எறங்கிட்டோம். அக்கா, நீங்க திருகுங்க. பேசாதீங்க, திருகுங்க. நான் எண்ணறேன்."

மேடம், அக்கா ஆகிவிட்டேன். பதவி உயர்வு.

நாள் 217 — 14:15

பதினொன்று. கை இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று சுற்று. மூன்றே மூன்று. வெறுங்கையில் அரை நிமிஷம். உடுப்பில் காற்று இன்னும் அரை மணிக்கு.

நாள் 217 — 14:40

பதினொன்றேகால்.

உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் இருந்துவிட்டுத் திருகுகிறேன்.

இதைக் கண்டெடுப்பவரே, இன்றைக்கு இங்கே ஒரு கூட்டம் நடந்தது. எழுதிக்கொள்ளுங்கள்.

வந்திருந்தவர்: செண்பகவல்லி.

பொருள் ஒன்று. வால்வு மாட்டிக்கொள்ளும் என்று செண்பகவல்லி சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னாலும் சொன்னார். காபியைப் பற்றிச் சொல்லவில்லை. காபி ஒரு உதாரணம்.

பொருள் இரண்டு. சின்ன கையுறை வேண்டும் என்று செண்பகவல்லி சொன்னார். அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்குச் சிரித்தார். இன்றைக்குச் சொன்னார்.

பொருள் மூன்று. ஜன்னலில்... செவ்வாய் மேல் விடிந்து வருகிறது. ரொம்ப அழகாக இருக்கிறது. குறிப்பு இல்லையாம். எப்படி ஐயா இதைப் பார்த்துவிட்டு

குறிப்பு எழுதியவர்

நாள் 218 — 10:05

தானியங்கிப் பதிவு. இயக்குபவர் உள்ளீடு இல்லை.
காற்றழுத்தம்: 0. கைத்திருகி: திறந்த நிலை, 11.3 சுற்று.
செய்தி பெறப்பட்டது. அனுப்பியவர்: ஜெபக்கனி, பாதுகாப்புக் குழு அவசரக் கூட்டம்.

"பொருள் 1. வால்வு. 4,300 சுழற்சி அளவில் மாட்டிக்கொள்ளும் என்று செண்பகவல்லி ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே குழுவில் சொன்னார். அப்போது எழுதப்படவில்லை. இப்போது எழுதப்படுகிறது. எல்லாப் பெட்டிகளும் திரும்பப் பெறப்படும். தலைவர் ஏற்றார்.

பொருள் 2. கையுறை. சிறிய அளவு உடனே வேண்டும் என்று ஜெபக்கனி சொன்னார். எடைக் கணக்கு பார்க்க வேண்டியிருப்பதால் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தலைவர் சொன்னார். அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று ஜெபக்கனி கேட்டார். தேதி சொல்லப்படவில்லை. மறுபடி கேட்டார்.

பேசியவர், குறிப்பு எழுதியவர்: ஜெபக்கனி.

பிரதி: செண்பகவல்லி, இடைத்தங்கல் நிலையம் 2. அவருக்கு இனி அனுப்ப வேண்டாம் என்றார்கள். அனுப்புகிறேன். அக்கா, ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க.

72 மணி நேரத்துக்குள் மறுப்பு வராவிட்டால் இக்குறிப்பு ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கொள்ளப்படும்."

நாள் 221 — 10:05

தானியங்கிப் பதிவு. இயக்குபவர் உள்ளீடு இல்லை.
72 மணி நேரம் முடிந்தது. இந்த நிலையத்திலிருந்து மறுப்பு அனுப்பப்படவில்லை. ஒப்புக்கொள்ளப்பட்டது.
காற்றழுத்தம்: 0.
ஆள்: ஒருவர்.
குறிப்பு: இல்லை.